உங்கள் பேப்பரை எடுத்தாண்டவர்கள் யார் என்று பார்த்தீர்களா?

கேள்வி: சார், நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியை. பிஎச்.டி. முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. 17 ஆய்வுப் பேப்பர் போட்டிருக்கிறேன். கூகுள் ஸ்காலரில் 186 சைட்டேஷன் (மற்றவர்கள் தங்கள் பேப்பரில் என்னுடையதை எடுத்தாண்டது), ஹெச்-இண்டெக்ஸ் 7. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் பார்த்தால் 11 பேப்பர்தான் காட்டுகிறது, அதில் ஹெச்-இண்டெக்ஸ் 5. போன மாதம் துறைக் கூட்டத்தில் எல்லோருடைய எண்களையும் திரையில் போட்டார்கள். எனக்குப் பிறகு சேர்ந்து நாலு வருஷமே ஆன ஒருவருக்கு 60 பேப்பர், ஹெச்-இண்டெக்ஸ் 21. நான் கடைசிக்கு முந்தின இடம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: ஸ்கோபஸ் ஜர்னல், பேப்பர் ரெடி, முதல் பெயருக்கு 35 ஆயிரம், மூன்றாவது பெயருக்கு 12 ஆயிரம். மூன்றாவது இடத்துக்குக் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். என் வேலை உண்மையிலேயே இவ்வளவு மட்டம்தானா? பேப்பர் பட்டியலை இணைத்திருக்கிறேன். இம்பேக்ட் ஃபேக்டர் உள்ள ஜர்னலா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், இனி எங்கே போடுவது? என் பேப்பர்கள் பெரும்பாலும் இரும்பு அரிமானத்தை (அமிலம் பட்டு அரிபடுவதை) இலைச் சாறு வைத்துத் தடுப்பது. பத்தமடைப் பாய்ச் சாயத்தைப் பற்றி ஒன்று உண்டு, அதை யாரும் சீண்டவில்லை.
— ஒரு வாசகி

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் பிறகு. அந்த வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் பட்டியலை இரண்டு நாள் வைத்திருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நெல்லைச் சீமையில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், ஆள் எடுக்கும் குழுக்களிலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் வேலை மட்டமில்லை. சரி செய்ய வேண்டிய சில விஷயங்கள் அதில் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் திரையில் போட்ட எண்ணைப் பார்த்து நீங்கள் எடுத்த முடிவு தப்பு.

முதலில் ஸ்கோபஸ் கணக்கு. உங்கள் பட்டியலில் ஆரம்பத்தில் வந்த நான்கு பேப்பர்களில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வந்ததில் எல்லாம் கணவரின் இனிஷியல். நமக்கு இது சாதாரணம், ஆனால் ஸ்கோபஸ் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். தேடிப் பார்த்தேன், பழைய இனிஷியலில் நான்கு பேப்பரோடு இன்னொரு ப்ரொஃபைல் அனாதையாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. அப்படிச் சேர்ந்தால் 15 ஆகிவிடும். மீதி இரண்டும் ஸ்கோபஸ் எடுத்துக்கொள்ளாத ஜர்னல்களில் வந்தவை, அவை அதில் வரவே வராது. அப்புறம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கான அடையாள எண்ணான ஓர்கிட் எண் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு இலக்கம், இலவசம், 2012 முதல் இருக்கிறது. இனிமேல் எந்த இனிஷியலில் எழுதினாலும் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், பேப்பர் உங்களிடம் வந்து சேரும். இனிஷியல் வைத்துப் பெயர் எழுதுகிற நம் ஆட்களுக்கு, அதிலும் கல்யாணத்தோடு இனிஷியல் மாறுகிற பெண்களுக்கு, இது மற்றவர்களை விட அவசியம். நான் பார்த்த எத்தனையோ பேர் பாதி உழைப்பை இப்படித் தொலைத்துவிட்டு, தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூகுள் ஸ்காலரில் இதற்கு நேர்மாறான கோளாறு வரும். நம் பக்கம் ஒரே தெருவில் நாலு இசக்கியம்மாள், ஆறு முத்துக்குமார் இருப்பார்கள் இல்லையா, அதே மாதிரி உங்கள் பெயர் கொண்ட இன்னொருவரின் பேப்பர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

இரண்டு இடத்திலும் சைட்டேஷன் எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது என்றும் கேட்டுவிடுவீர்கள். கூகுள் ஸ்காலர் கண்ணில் படுகிற ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, புத்தகம் எல்லாவற்றையும் எண்ணுகிறது. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ் என்று மூன்றாவது ஒன்று உண்டு, அதில் இன்னொரு எண் வரும். ஒரே ஆளுக்கு மூன்று எண், மூன்றும் அதது அளவில் சரி. ஆகையால் ஒருவருக்குக் கூகுள் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணையும் போட்டு ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே கிடையாது. உங்கள் கூட்டத்தில் யாருக்கு எதைப் போட்டார்கள் என்று கேட்டீர்களா?

இப்போது ஹெச்-இண்டெக்ஸ். இதைக் கண்டுபிடித்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், 2005-ல். குறைந்தது ஏழு தடவையாவது எடுத்தாளப்பட்ட பேப்பர் உங்களிடம் ஏழு இருந்தால் ஹெச் 7, எட்டு தடவைக்குக் குறையாமல் எட்டு பேப்பர் இருந்தால் 8. உங்கள் எண்களை வரிசைப்படுத்தினேன்: 41, 29, 22, 18, 14, 11, 8, 7, 7, 6, 6, 5, 4, 3, 3, 1, 1. எட்டாவது பேப்பருக்கு இருப்பது 7. உலகத்தில் எங்கோ ஒருவர் அந்த ஒரு பேப்பரை ஒரே ஒரு தடவை எடுத்தாண்டால் நாளைக்கு உங்கள் ஹெச் 8 ஆகிவிடும். அதே சமயம் உங்கள் முதல் பேப்பர் 41-லிருந்து 400-க்குப் போனாலும் ஹெச் 7 அப்படியேதான் நிற்கும். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த எண் இவ்வளவுதான். அது குறையவே குறையாது, வயது ஏறினால் தானாக ஏறும், பத்துப் பேர் சேர்ந்து எழுதிய பேப்பருக்கும் தனியாக எழுதியதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்த எண்ணால் மோசமான பின்விளைவுகள் வரக்கூடும் என்று ஹிர்ஷே 2020-ல் எழுதிவிட்டார்.

அந்த 60 பேப்பர்காரரைப் பற்றி. நாலு வருஷத்தில் 60 என்றால் இருபத்துநாலு நாளைக்கு ஒரு பேப்பர். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, செய்முறை, ரெக்கார்டு நோட்டுத் திருத்தம், இதற்கு நடுவில் ஒரு ஆள் தன் கையால் சோதனை செய்து இந்த வேகத்தில் எழுத முடியாது. ஆனால் அவர் பெரிய குழு ஒன்றில் இருக்கலாம், வெளிநாட்டுக் கூட்டு இருக்கலாம், கணக்கீட்டு வேதியியல் செய்பவராக இருக்கலாம். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உங்களிடமும் தகவல் இல்லை, என்னிடமும் இல்லை. உங்கள் மனதிலிருந்து அவரை இறக்கி வையுங்கள். அவரோடு ஒப்பிட்டு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

சரி, அந்த 12 ஆயிரம். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து மொத்தமாகப் பேப்பர் தயாரிக்கிறார்கள். பழைய எக்ஸ்-ரே வரைபடத்தை எடுத்துக் கொஞ்சம் மாற்றுவது, ஒரே எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு பொருள் என்று சொல்வது, பிறகு ஆசிரியர் இடங்களை ஏலம் மாதிரி விற்பது. சில சமயம் பேப்பர் ஏற்கப்பட்ட பிறகுதான் பெயர்கள் ஏறும். உங்கள் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் வரப்போகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். இதையெல்லாம் கண்டுபிடிக்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களில் மட்டும் 2023-ல் 8,000-க்கு மேல் பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்ற பேப்பர் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு தடவை பாருங்கள். பேப்பர் அழிந்துபோகாது. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே பெரிய எழுத்தில் 'ரிட்ராக்டட்' என்று போட்டு, உங்கள் பெயர், கல்லூரிப் பெயர், ஊர்ப் பெயரோடு அப்படியே வைத்திருப்பார்கள். இருபது வருஷம் கழித்து உங்கள் மாணவி உங்கள் பெயரைத் தேடினாலும் அதுதான் முன்னால் வந்து நிற்கும். ஒரு ஆளை அந்த நிலையில் நேரில் பார்த்திருக்கிறேன், நல்ல ஆசிரியர், பெயரைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். பதவி உயர்வு நேர்காணலில் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்த நாங்கள் அந்தப் பக்கத்தில் நின்றோம். அவர் முகத்தைப் பார்க்க எங்கள் ஒருவராலும் முடியவில்லை. கல்லூரிக்கும் இதில் கேடு உண்டு, மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களுக்காக மதிப்பெண் குறைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது.

இன்னொன்று, கணக்குப்படியும் அது நஷ்டம். பதவி உயர்வுக்குப் பேப்பருக்குப் புள்ளி போடும் 2018-ம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து நடத்துகிறவர்) 70 சதவீதம், மற்றவர்களுக்கு 30 சதவீதம். இம்பேக்ட் ஃபேக்டர் 2-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தால் அதற்கு 20 புள்ளி, 1-க்குக் கீழே இருந்தால் 10 புள்ளி. மூன்றாவது பெயராகப் பணம் கட்டி நல்ல ஜர்னலில் வந்தாலும் உங்களுக்கு 20-ல் 30 சதவீதம், 6 புள்ளி. நீங்களே செய்து, நீங்களே தொடர்பு ஆசிரியராக, ஒரு சின்ன ஜர்னலில் போட்டால் 10-ல் 70 சதவீதம், 7 புள்ளி. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடத்தை எத்தனை ஆயிரம் பேர் பிடித்தாலும், சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்புகிறவர் யார் என்று வீதியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். குழுவில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் அது தெரியும். "இந்தப் பேப்பரில் நீங்கள் செய்தது என்ன?" என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. காசு கொடுத்தவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இம்பேக்ட் ஃபேக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க அதுதான் இருக்கிறது. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருஷத்தில் போட்ட கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை தடவை எடுத்தாண்டார்கள் என்று பார்த்து, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ஜர்னலின் சராசரி. அதில் வருகிற உங்கள் பேப்பரின் தரத்தை அது சொல்லவே சொல்லாது. நம் துறையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. படிகக் கட்டமைப்பு எடுப்பவர்களுக்கெல்லாம் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருள் தெரியும். அதை எழுதிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-ல் அதன் வரலாற்றை ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜர்னலில் எழுதினார். படிகம் எடுத்த எல்லோரும் அந்த ஒரு கட்டுரையை எடுத்தாண்டார்கள். 2.051 ஆக இருந்த அந்த ஜர்னலின் இம்பேக்ட் ஃபேக்டர் அடுத்த வருஷக் கணக்கில் 49.926 ஆனது. அந்த ஜர்னலில் பக்கத்துப் பக்கத்தில் வெளிவந்த மற்றவர்களின் பேப்பர் ஒரே வருஷத்தில் இருபத்துநாலு மடங்கு நல்லதாகிவிட்டதா? இரண்டு வருஷம் கழித்து எண் இறங்கியபோது கெட்டுப்போய்விட்டதா?

சைட்டேஷன் எண்ணிக்கையும் இப்படித்தான். உலகத்தில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட பேப்பர் 1951-ல் ஆலிவர் லோரி குழுவினர் எழுதியது, புரதத்தை அளக்கும் முறை. மூன்று லட்சம் தடவைக்கு மேல். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன பேப்பர் 2014-ல் எடுத்த கணக்கில் முதல் நூறுக்குள்ளேயே வரவில்லை. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் கொடுத்த வரைபடம் இருக்கிறதே, புரத அமைப்பு எடுக்கிற எவரும் அதைப் போடாமல் இருக்க மாட்டார்கள். பல பேர் 'ராமச்சந்திரன் பிளாட்' என்று பெயரைச் சொல்லிவிட்டு மூலப் பேப்பரைப் பட்டியலில் சேர்க்காமலே போய்விடுகிறார்கள். அவ்வளவு ஊறிப்போய்விட்டது அது.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது. கூகுள் ஸ்காலரில் உங்கள் பேப்பருக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைத் தொட்டால் எடுத்தாண்டவர்களின் பட்டியல் திறக்கும். அதை நீங்கள் எப்போதாவது திறந்து, ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் போய், உங்கள் பெயர் எந்த வரியில் வருகிறது என்று படித்தீர்களா? பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உங்களுக்காக நான் இரண்டு பேப்பருக்கு அதைச் செய்தேன்.

முதலாவது, 41 எடுத்தாளல் உள்ள உங்கள் ஆவாரை இலைச் சாறு அரிமானப் பேப்பர். 41-ல் ஒன்பது நீங்களும் உங்கள் கைடும் அவருடைய மற்ற மாணவர்களும் எழுதியவை. அதில் தப்பில்லை, தொடர் வேலை என்றால் தன் பழைய பேப்பரைச் சொல்லத்தான் வேண்டும். இருபத்தெட்டு பேர் முன்னுரையில், "தாவரச் சாறுகள் அரிமானத்தைத் தடுக்கின்றன" என்று ஒரு வரி எழுதி, ஆதார எண் 5 முதல் 19 வரை என்று கொத்தாகப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கொத்தில் உங்களுடையதும் ஒன்று. அவர்களில் பலர் அதைத் திறந்திருக்கவே மாட்டார்கள். நான்கு பேர் தங்கள் இலையின் தடுப்புச் சதவீதத்தை உங்கள் இலையின் சதவீதத்தோடு அட்டவணையில் ஒப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது, நீங்கள் யாரும் சீண்டவில்லை என்று எழுதிய பத்தமடைப் பாய்ச் சாயப் பேப்பர். வரிசையில் எட்டாவது, 7 எடுத்தாளல். ஒன்று உங்களுடையது. இரண்டு முன்னுரைக் கொத்து. மீதி நான்கு பேர் முடிவுகளைப் பேசுகிற பகுதியில், உங்களைப் பெயர் சொல்லி, உங்கள் அளவை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் பழைய துணிகளைப் பாதுகாக்கிறவர், சப்பங்கிக் கட்டைச் சிவப்பு வெளிச்சத்தில் எவ்வளவு சீக்கிரம் மங்கும் என்பதற்கு உங்கள் எண்ணை எடுத்திருக்கிறார். ஒருவர் சாயம் பிடிக்க நீங்கள் போட்ட படிகார அளவைத் தன் நாட்டுப் புல்லில் சோதித்து, கொஞ்சம் கூடுதல் தேவைப்படுகிறது என்று உங்களைத் திருத்தியிருக்கிறார். ஒன்று ஒரு மாணவியின் ஆய்வேடு, அதில் ஒரு முழு அத்தியாயமே உங்கள் முறையை வைத்து நடக்கிறது. இந்த நாலு பேரும் உங்கள் பேப்பரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். 41-ஐ விட இந்த 7 பெரியது என்று நான் எந்தக் குழுவிலும் வாதாடுவேன்.

என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். ஆலங்குளம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அளக்கிற வேலையில் பல வருஷத்துக்கு முன்னால் இருந்தேன். எஸ்.பி.ஏ.டி.என்.எஸ். சாயத்தை வைத்து நிறம் பார்க்கிற முறை. தண்ணீரில் அலுமினியம் இருந்தால் அளவு தப்பாக வரும், அதற்கு முதலில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்க வேண்டும். இதைச் சாதாரணக் கல்லூரி ஆய்வகத்துக் கண்ணாடிச் சாமான்களை வைத்தே எப்படிச் செய்வது என்று இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். இன்றுவரை அதற்குப் பதினோரு எடுத்தாளல். பல வருஷம் கழித்து ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வேறு வேலையாகப் போனேன். அங்கே அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் அந்த இரண்டு பக்கத்தின் ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் அமிலம் பட்டு மஞ்சளாகி, வெப்பநிலையைச் சொல்கிற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அந்தக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் பேப்பர் எழுதுகிறவர்கள் கிடையாது, அதனால் எந்தக் கணக்கிலும் அது வராது. ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கிராமத்துக் கிணற்றுக்குச் சொல்ல அதை வைத்திருந்தார்கள். என் மற்ற பேப்பர்கள் எல்லாவற்றையும் விட அந்தக் கதவைப் பற்றித்தான் இன்றைக்கும் வீட்டில் பேசுவேன்.

இனி உங்கள் வேலையில் நான் கண்ட குறை. இதைச் சொல்லாமல் தட்டிக்கொடுத்து அனுப்பினால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். அரிமானத்தில் பதினொரு பேப்பர் போட்டிருக்கிறீர்கள், பதினொன்றிலும் இலை மட்டும்தான் மாறுகிறது. அதே மென் எஃகு, அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம், எடை இழப்பு, டாஃபெல், மின்மறுப்பு என்று அதே சோதனைகள், கடைசியில் சாறு உலோகத்தில் ஒட்டுவதைச் சொல்லும் லாங்மியூர் வரைபடம். எல்லாவற்றிலும் நேர்கோட்டுப் பொருத்தம் 0.99 வருகிறது. வராமல் என்ன செய்யும்? சாற்றின் செறிவை மூடல் அளவால் (உலோகப் பரப்பில் சாறு மூடிய பங்கு) வகுத்து அதை மறுபடி செறிவுக்கு எதிராகவே வரைகிறோம், இரண்டு அச்சிலும் செறிவே நிற்கிறது. மூடல் அளவு அதிகம் மாறாவிட்டால் எந்த எண்ணைப் போட்டாலும் கோடு நேராகத்தான் வரும். அடுத்து ஒட்டும் ஆற்றலுக்கு −20, −40 கிலோஜூல் என்று எல்லை வைத்துக்கொண்டு பௌதிக ஒட்டலா வேதி ஒட்டலா என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். இலைச் சாறு என்பது பல பொருள்களின் கலவை, அதற்கு மூலக்கூறு எடை எது? அது தெரியாமல் அந்த ஆற்றலை எப்படிக் கணக்கிட்டீர்கள்? இது உங்கள் தப்பு மட்டும் கிடையாது, இந்தத் துறையில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள், உங்கள் கைடும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார். ஆனால் உங்கள் பேப்பர் கொத்தோடு கொத்தாகப் போவதற்குக் காரணம் இதுதான். பன்னிரண்டாவது இலையைத் தேடாதீர்கள். இருப்பதில் நன்றாக வேலை செய்த ஒரு இலையை எடுத்து, அதில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்தெடுங்கள். கருவி இல்லையென்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் சாய்ஃப் என்ற பொதுக் கருவிக் கூடம் இருக்கிறது, வெளிக் கல்லூரிக்காரர்களுக்கும் கட்டணத்துக்கு அளந்துகொடுக்கிறார்கள். தரகரிடம் கட்ட நினைத்த காசை அங்கே கட்டுங்கள். எந்த மாதம் எந்த ஊரில் இலை பறித்தது, எத்தனை தடவை திரும்பச் செய்தது, பிழை அளவு எவ்வளவு என்று எழுதுங்கள். மூல அளவுகளை ஆய்வுத் தரவுகளைச் சேமிக்கும் ஜெனோடோ இணையதளத்தில் ஏற்றிவிட்டால் அதற்கும் தனி எண் கிடைக்கும், இலவசம்.

மீதியில் இரண்டு நானோ பேப்பர், இரண்டு ஷிஃப் பேஸ் என்ற சேர்மங்களைப் பற்றியவை, ஒன்று ஒளிவினையூக்கி பற்றியது. இவை கூட்டத்தோடு ஓடியதில் எழுதியவை என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். யு.ஜி.சி. அங்கீகரித்த ஜர்னல்கள் என்று வரும் பட்டியல்களை நம்பி உட்காராதீர்கள். 2018-ல் ஒரே வீச்சில் 4,305 ஜர்னல்களை நீக்கினார்கள், 2019-ல் கேர் பட்டியல் வந்தது, 2025-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் பேப்பர்களின் கடைசியில் இருக்கிற ஆதாரப் பட்டியலைப் பாருங்கள், நீங்கள் உண்மையிலேயே படித்துப் பயன்படுத்திய கட்டுரைகள் எந்த ஜர்னலில் வந்திருக்கின்றனவோ அங்கே அனுப்புங்கள். திறந்த அணுக்கம் (எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) வேண்டாம் என்று சொன்னால் பழைய சங்கங்களின் ஜர்னல்கள் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. பெங்களூருவில் இருக்கிற இந்திய அறிவியல் அகாடமியின் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்சஸையும் பாருங்கள். மறுத்தாலும் மதிப்புரையாளர் எழுதுகிற இரண்டு பக்கம் உங்களுக்குக் கிடைக்கும். தரகரிடம் போனால் அது கிடைக்காது.

அடுத்த துறைக் கூட்டத்தில் திரையில் எண்கள் வந்தால் கோபப்பட வேண்டாம். மூன்று பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் நான் செய்தது இது, இதை வைத்து இன்னார் இதைச் செய்திருக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். ஆள் எடுக்கவும் பதவி உயர்வு கொடுக்கவும் ஜர்னல் எண்ணை அளவுகோலாக வைக்கக்கூடாது என்று 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆய்விதழ்களின் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் கூடி ஒரு அறிக்கை எழுதினார்கள், டோரா என்பார்கள். அதன் ஒரு பிரதியை முதல்வர் மேசையில் மரியாதையாக வைத்துவிட்டு வாருங்கள். உடனே எதுவும் மாறாது. ஆனால் படித்தவர் யாராவது ஒருவர் அந்த அறையில் இருப்பார்.

கடைசியாக, உங்கள் சாயப் பேப்பரைப் படித்ததில் எனக்கே ஒரு சந்தேகம். சப்பங்கிக் கட்டையில் இருக்கிற பிரேசிலின் காற்றுப் பட்டு பிரேசிலீன் ஆகித்தான் சிவப்பு வருகிறது, அந்தச் சிவப்பும் தண்ணீரின் அமில காரத் தன்மைக்கு ஏற்ப மஞ்சளுக்கும் ரோஸுக்கும் போகும். மூன்றாவது அட்டவணையில் கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்ததற்கும் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்ததற்கும் நிறம் வேறுபடுகிறது என்று காட்டியிருக்கிறீர்கள், ஆனால் அந்தத் தண்ணீர்களின் பி.ஹெச். எங்குமே இல்லை. உங்கள் நோட்டில் கட்டாயம் எழுதி வைத்திருப்பீர்கள். ஆற்றுத் தண்ணீர் எடுத்தது எந்த மாதம், அணை திறந்த பிறகா முன்னாலா? பார்த்து எழுதுங்கள்.